ஆறு பவுண்டும் ஒரு தொலைபேசியும்: ஸ்டீவ் ஷெர்லியைப் பற்றி

மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: “சென்னையில் மென்பொருள் வேலை பார்த்தேன். குழந்தை பிறந்ததும் விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிட்டேன். பையனுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது, இன்னும் பேச்சு வரவில்லை. ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பழைய தோழி ஒருத்தி, ஸ்டீவ் ஷெர்லி என்று ஒருவர் இருந்தார், அவரைப் பற்றித் தெரிந்துகொள் என்றாள். யார் அவர்? அகதியாகப் போய், கம்பெனி தொடங்கி, கோடீஸ்வரராகி, கடைசியில் எல்லாவற்றையும் தானம் செய்தார் என்கிறார்கள். பணம் வந்த பிறகு கொடுப்பது பெரிய விஷயமா? அதில் எனக்கு என்ன இருக்கிறது?”

பதில் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நானும் சென்னையில் அதே வேலையில் இருந்தவள். பதினோரு வருஷமாகத் திருபுவனத்தில், புகுந்த வீட்டில் இருந்தபடியே மென்பொருள் சோதனை வேலை செய்கிறேன். என் அக்கா மகனுக்கும் ஆட்டிசம். உங்கள் கேள்வியின் இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும் என்பதால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில், ஸ்டீவ் ஷெர்லி பெண். பிறந்தபோது வைத்த பெயர் வேரா ஸ்டெஃபனி புக்தால். 1933 செப்டம்பர் 16 அன்று ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகரத்தில் பிறந்தார். அப்பா நீதிபதி, யூதர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த வருஷமும் அதுதான். யூதர் என்பதால் அப்பாவின் பதவி போனது. குடும்பம் இடம் மாறி மாறி, அம்மாவின் ஊரான வியன்னாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கேயும் நாஜிகள் வந்துவிட்டார்கள்.

1939 ஜூலையில் ஐந்து வயது ஸ்டெஃபனியையும் ஒன்பது வயது அக்கா ரெனாட்டேயையும் அம்மா ரயில் ஏற்றி அனுப்பினார். ‘கிண்டர்டிரான்ஸ்போர்ட்’ என்று சொல்வார்கள். போர் தொடங்குவதற்கு முந்தைய சில மாதங்களில் கிட்டத்தட்ட 10,000 குழந்தைகளைப் பெற்றோர் இல்லாமல் இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த ஏற்பாடு அது. பெரும்பாலான குழந்தைகள் அப்பா அம்மாவை அதற்கப்புறம் பார்க்கவே இல்லை. ஸ்டெஃபனியின் பெற்றோர் பிழைத்துவிட்டார்கள், பிறகு சந்திக்கவும் செய்தார்கள். ஆனாலும் பழைய ஒட்டுதல் திரும்பவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். சட்டன் கோல்ட்ஃபீல்ட் என்ற ஊரில் குழந்தை இல்லாத ஒரு தம்பதி அவரை வளர்த்தார்கள். அவர்களை அவர் மாமா, அத்தை என்றுதான் கூப்பிட்டார். மனதளவில் அவர்கள்தான் பெற்றவர்கள்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். நம் டெல்டாவில் பினாங்கு, ரங்கூன் என்று கப்பலேறாத குடும்பம் குறைவு. நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பல் போன கதை உங்கள் வீட்டிலும் இருக்கும். 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைந்தபோது, அங்கிருந்து காட்டு வழியாக நடந்தே வந்து சேர்ந்தவர்களில் என் பாட்டியின் அத்தையும் ஒருவர். தெருவில் ‘ரங்கூன் அத்தை’ என்றால்தான் தெரியும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். கட்டில் காலில் ஒரு துணி மூட்டை கட்டியே இருக்கும். இரண்டு புடவை, ஒரு சொம்பு, கொஞ்சம் அவல். அவலை மட்டும் மாதம் ஒரு தடவை மாற்றுவார். எதற்கு அத்தை என்றால், “போகச் சொன்னா போகணும்ல” என்பார். வீடு அவருடைய சொந்த வீடுதான். போகச் சொல்ல யாரும் இல்லை.

அப்படிப் பயணம் செய்தவர்களுக்கு இந்த மூட்டை கடைசிவரை இருக்கும் போலிருக்கிறது. ஷெர்லிக்கு அது வேறு மாதிரி இருந்தது. முன்பின் தெரியாத மனிதர்கள் தன்னைக் காப்பாற்றியிருக்கிறார்கள், அந்தக் காப்பாற்றல் வீண்போகக் கூடாது, ஒரு நாளைக்கூட வெட்டியாகக் கழிக்கக் கூடாது என்ற நினைப்பு அவரை விடவே இல்லை. எந்தப் பேட்டியிலும் இதைச் சொல்லாமல் இருக்கமாட்டார். பிறகு அவர் கொடுத்த பணத்துக்கெல்லாம் வேர் இங்கேதான். உங்கள் கேள்வியில் ‘பணம் வந்த பிறகு’ என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, அதைத்தான் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். பணம் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே அவர் கொடுக்கத் தொடங்கிவிட்டார். எப்படி என்று சொல்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் கணக்கு நன்றாக வந்தது. ஆனால் அவர் படித்த பெண்கள் பள்ளியில் அந்த அளவுக்குக் கணக்கு சொல்லித்தர ஆள் இல்லை. தனியாக அனுமதி வாங்கி, பக்கத்தில் இருந்த ஆண்கள் பள்ளிக்குப் போய்க் கணக்கு வகுப்பில் மட்டும் உட்கார்ந்தார். ராமானுஜன் நடந்த தெருக்களில் நடமாடுகிற நமக்கு, கணக்கு கற்றுக்கொள்ள ஒரு பெண் அடுத்த பள்ளிக்கூடத்துக்கு ஓட வேண்டியிருந்தது என்று கேட்டால் வலிக்கத்தான் செய்கிறது. பதினெட்டு வயதில் பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கினார். பல்கலைக்கழகத்துக்குப் போகவில்லை. பெண்களுக்கு என்று அன்று திறந்திருந்த அறிவியல் தாவரவியல்தான் என்று அவர் சொல்லியிருக்கிறார். அதனால் லண்டன் டாலிஸ் ஹில்லில் இருந்த தபால் துறை ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியச் சங்கேதச் செய்திகளை உடைக்க உதவிய கொலோசஸ் கணினியை டாமி ஃப்ளவர்ஸ் உருவாக்கிய இடம் அது. அங்கே கணினியையே அடியிலிருந்து கட்டினார்கள், இயந்திர மொழியிலேயே நிரல் எழுதினார்கள். பகலில் வேலை, மாலையில் வகுப்பு என்று ஆறு வருஷம் படித்துக் கணிதப் பட்டம் வாங்கினார். 1959-ல் டெரெக் ஷெர்லி என்ற இயற்பியலாளரைக் கல்யாணம் செய்துகொண்டு, ஒரு கணினி வடிவமைப்பு நிறுவனத்துக்கு மாறினார். அங்கேயும் ஓர் உயரத்துக்கு மேல் பெண்ணுக்கு வழி இல்லை.

அப்போதுதான், 1962-ல், ஆறு பவுண்டு முதல் போட்டு, வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ‘ஃப்ரீலான்ஸ் புரோகிராமர்ஸ்’ என்ற கம்பெனியைத் தொடங்கினார். சிரித்தார்கள். ஏனென்றால் அன்றைக்கு மென்பொருள் என்பது இயந்திரம் வாங்கினால் இலவசமாக வருகிற சாமான். அதைத் தனியாக யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? அதுவும் ஒரு பெண்ணிடமிருந்து?

நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதினார். ஸ்டெஃபனி ஷெர்லி என்று கையெழுத்துப் போட்ட கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. ‘ஸ்டீவ்’ என்று போட்டுப் பாரேன் என்று வீட்டுக்காரர்தான் சொன்னார். போட்டார். பதில் வர ஆரம்பித்தது. ஸ்டீவ் வருகிறார் என்று காத்திருந்தவர்கள் முன்னால் அவர் போய் நிற்பார். அதற்குள் உள்ளே வந்தாகிவிட்டதே! அந்தப் பெயரே கடைசிவரை நிலைத்துவிட்டது.

வேலைக்கு யாரை எடுத்தார் என்பதுதான் முக்கியம். கல்யாணம் ஆனதும், முதல் குழந்தை வயிற்றில் வந்ததும், கணினித் துறையிலிருந்து வெளியே போன பெண்கள். படிப்பு இருக்கிறது, அனுபவம் இருக்கிறது, வீட்டை விட்டு வர முடியாது. சரி, வீட்டிலேயே இருங்கள், வேலை உங்களிடம் வரும் என்றார். முதல் 300 பேரில் 297 பேர் பெண்கள். வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்களிடம் கேட்ட கேள்விகளில் ஒன்று, “உங்களுக்குத் தொலைபேசி வசதி இருக்கிறதா?” என்பது. அவ்வளவுதான் சாதனம். கணினி யார் வீட்டிலும் கிடையாது. பென்சிலால் பாய்வுப் படம் வரைவார்கள், அதைப் பார்த்துத் தாளில் நிரல் எழுதுவார்கள், அதைத் தபாலில் அனுப்புவார்கள். கணினி மையத்தில் ஒருவர் அந்தத் தாளைப் பார்த்து அட்டையிலோ காகித நாடாவிலோ துளை போடுவார். சரியாக இருக்கிறதா என்று பார்க்க இன்னொரு தடவை துளை போடுவார்கள். அதற்கப்புறம்தான் அது கணினியைப் பார்க்கும். இன்று நான் ஒரு பிழையைக் கண்டுபிடித்தால் பத்து நிமிடத்தில் திருத்தம் வந்துவிடுகிறது. அவர்களோ ஒரு புள்ளியைத் தவறாகப் போட்டுவிட்டால் அடுத்த தபால்வரை காத்திருக்க வேண்டும். அதனால் தாளிலேயே, தலைக்குள்ளேயே, முழுதாக ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் உறையில் போடுவார்கள். ஒலியைவிட வேகமாகப் பறந்த கன்கார்ட் விமானத்தின் கருப்புப் பெட்டிக்கு நிரல் எழுதியவர்கள் இந்தப் பெண்கள்தான், அவரவர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு. சரக்கு ரயில்களுக்கும் பேருந்துகளுக்கும் கால அட்டவணை போடும் நிரல்களும் எழுதினார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்த சங்கதி ஒன்று சொல்கிறேன். வாடிக்கையாளர் தொலைபேசியில் கூப்பிடும்போது வீட்டில் குழந்தை அழுதுகொண்டிருக்கும். அதை மறைக்க, தட்டச்சு செய்யும் சத்தத்தை ஒலிநாடாவில் பதிவு செய்து வைத்திருந்தார். போன் மணி அடித்ததும் நாடாவை ஓட விடுவார். அந்தப் பக்கம் கேட்கிறவருக்குப் பெரிய ஆபீஸ், நாலைந்து பேர் டைப் அடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தோன்றும்.

இதை முதல் தடவை படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் திருபுவனத்தில் வேலை தொடங்கிய முதல் மாதம், எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடும். டக், டக் என்று நாடா அடிக்கும் சத்தம், இடையிடையே பலகையின் தட்டல். வெளியூர் வாடிக்கையாளர் ஒருவர், “அங்கே கட்டட வேலை நடக்கிறதா?” என்று கேட்டார். ஆமாம் என்று பொய் சொன்னேன். பட்டுப்புடவை நெய்கிறார்கள் என்று சொல்ல ஏன் கூச்சப்பட்டேன் என்று இப்போது புரியவில்லை. 2020-ல் கொரோனா வந்து எல்லோர் வீட்டிலிருந்தும் குக்கர் விசில் கேட்டபிறகுதான் அந்தக் கூச்சம் போனது. ஷெர்லி அந்த ஒலிநாடாவை ஓட விட்டபோது அவருக்குக் கொரோனாவின் துணை இல்லை. ஐம்பது, அறுபது வருஷம் முன்னால், வீட்டு வேலை வேறு, சம்பள வேலை வேறு என்று எல்லோரும் நம்பிய காலத்தில், அவர் தனியாக அதைச் செய்தார்.

அந்தத் தறியைப் பற்றி இன்னும் கொஞ்சம். இங்கே சொசைட்டியில் பட்டையும் சரிகையையும் எடை போட்டுக் கொடுப்பார்கள். நெசவாளி அதை வீட்டுக்கு எடுத்துவந்து, பாவு பூட்டி, தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்து நெய்வார். வீட்டுப் பெண்கள் ராட்டையில் தார் சுற்றுவார்கள். புடவையைத் திருப்பிக் கொடுக்கும்போது மறுபடி எடை. இடையில் அவர் எத்தனை மணிக்கு உட்கார்ந்தார், எத்தனை மணிக்கு எழுந்தார் என்று யாரும் கேட்பதில்லை. புடவை சரியாக இருக்கிறதா, அவ்வளவுதான். ஷெர்லி செய்ததும் இதே கணக்கு. நேரத்துக்குச் சம்பளம் என்பதை விட்டுவிட்டு, முடித்துக் கொடுத்த வேலைக்குச் சம்பளம் என்று வைத்தார். பாத்திரம் தேய்த்துவிட்டு இரவு பத்து மணிக்கு உட்கார்ந்தாலும் சரி, விடியற்காலை நாலு மணிக்கு உட்கார்ந்தாலும் சரி. ஆளை நம்பு, வேலையைப் பார். சென்னையில் நான் இருந்த நிறுவனத்தில் பிள்ளை பெற்ற பிறகு பாதி நேர வேலை கேட்டேன். இருக்கையில் எத்தனை மணி நேரம் இருந்தேன் என்று நுழைவாயில் அட்டையைக் காட்டிப் பேசினார்கள். அதனால் இந்த ‘ஆளை நம்பு’ என்பதன் விலை எனக்குத் தெரியும்.

1975-ல் பிரிட்டனில் ஆண் பெண் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. பெண்களுக்கு நல்லது செய்ய வந்த அந்தச் சட்டத்தாலேயே, பெண்களுக்கு முதலிடம் என்ற அவருடைய கொள்கை சட்டவிரோதம் ஆகிவிட்டது. ஆண்களையும் எடுத்தார், தகுதி இருந்தால். கம்பெனிக்கு அதற்கு முன்பே ‘எஃப் இன்டர்நேஷனல்’ என்று பெயர் மாறியிருந்தது. பிறகு எஃப்.ஐ. குரூப், அதற்கும் பிறகு ஜான்சா. அவர் ஓய்வு பெற்ற பிறகு, 1997-ல், இந்திய மென்பொருள் நிறுவனம் ஒன்றை வாங்கினார்கள். சென்னையிலும் ஜான்சா அலுவலகம் இருந்தது. அந்தப் பெயர்ப்பலகையை நீங்களும் பார்த்திருக்கக்கூடும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். கம்பெனி வளர்ந்ததும் அவர் தன் பங்குகளை ஊழியர்களுக்குக் கொடுக்கத் தொடங்கினார். ஊழியர் காசு போட வேண்டியதில்லை, வேறு யாருக்கும் நஷ்டம் இல்லை, அவருடைய பங்கிலிருந்தே போனது. கால்பங்குக்கு மேல் ஊழியர் கைக்குப் போய்ச் சேரப் பதினோரு வருஷம் ஆயிற்று. சட்டச் சிக்கல், வரிச் சிக்கல், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அவிழ்க்க வேண்டியிருந்தது. 1991-ல் கட்டுப்பாடு ஊழியர்களிடம் போய்விட்டது. 1993-ல், அறுபது வயதில், அவர் ஓய்வு பெற்றார். 1996-ல் கம்பெனி லண்டன் பங்குச் சந்தைக்கு வந்தபோது ஊழியர்களில் 70 பேர் லட்சாதிபதிகள் ஆனார்கள், பவுண்டு கணக்கில். பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் ஒவ்வொருவருக்கும். சாப்பாட்டு மேசையில் பென்சில் பிடித்த பெண்களும் அதில் இருந்தார்கள். அவர் மட்டும் முழுப் பங்கையும் கையில் வைத்திருந்தால் எத்தனை மடங்கு பணக்காரர் ஆகியிருப்பார்! அறக்கட்டளைக்குக் காசு போட்டதை மட்டும் தானம் என்று எண்ணினால் இந்தப் பங்கு கணக்கில் வராமல் போய்விடும். என்னைக் கேட்டால், அவர் செய்ததிலேயே பெரிய தானம் இதுதான்.

அப்புறம் ஜைல்ஸ்.

கம்பெனி தொடங்கிய மறுவருஷம், 1963-ல், மகன் பிறந்தான். அழகான, அமைதியான குழந்தை. இரண்டரை வயது வாக்கில் இருந்த கொஞ்சம் பேச்சும் போய்விட்டது. திரும்பி வரவே இல்லை. கடுமையான ஆட்டிசம். பிறகு வலிப்பும் சேர்ந்தது. 1943-ல்தான் லியோ கானர் என்ற மருத்துவர் ஆட்டிசத்தை முதலில் விவரித்து எழுதினார். 1960-களில் ‘அம்மா பாசம் காட்டாமல் விறைப்பாக இருந்ததால்தான் குழந்தை இப்படி ஆனது’ என்று மெத்தப் படித்தவர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது முழுப் பொய் என்று பிறகு நிரூபணம் ஆகிவிட்டது. உங்களிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள்: போனைக் கையில் கொடுத்தாய், வேலைக்குப் போனாய், மாசமாக இருந்தபோது அழுதாய் என்று. என் அக்காவிடம் நாகதோஷம்வரை சொன்னார்கள். எதுவும் காரணம் இல்லை. மூளை வளர்கிற விதத்தில் பிறவியிலேயே உள்ள வேறுபாடு அது, பெரும்பங்கு மரபணு சார்ந்தது. உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை.

ஷெர்லி வாழ்க்கையில் இந்தப் பகுதியை இனிப்பாகச் சொல்ல முடியாது. பையன் வளர வளர அவனைச் சமாளிப்பது கடினமாகிக்கொண்டே போனது. கம்பெனியும் வேண்டும், பிள்ளையும் வேண்டும் என்று இழுத்துக்கொண்டு போய், ஒரு கட்டத்தில் அவரே உடைந்து மருத்துவமனையில் படுத்துவிட்டார். ஜைல்ஸைப் பெரிய மனநல விடுதி ஒன்றில் விட வேண்டியதாயிற்று. பல வருஷம் அங்கே இருந்தான். அப்படிப்பட்ட இடங்களில் நிறையப் பேரை ஒன்றாக அடைத்து வைப்பார்கள், ஒரு நாளும் இன்னொரு நாளும் ஒரே மாதிரி போகும். அந்த அம்மாளால் அதைத் தாங்க முடியவில்லை. வீடு மாதிரி ஓர் இடம் இருக்க வேண்டும், இவனைத் தெரிந்த நாலு பேர் கூட இருக்க வேண்டும் என்று தேடினார். கிடைக்கவில்லை. அதனால் தானே உண்டாக்கினார். 1994-ல் கிங்வுட் என்ற அமைப்பு வந்தது. வயது வந்த ஆட்டிசக்காரர்கள் ஊருக்குள்ளேயே, சாதாரண வீடுகளில், உதவியாளர்களோடு வாழ்வதற்கு. அதன் முதல் ஆள் ஜைல்ஸ்தான்.

அடுத்தது பிரையர்ஸ் கோர்ட், பெர்க்ஷயரில் ஆட்டிசக் குழந்தைகளுக்கான தங்கிப் படிக்கும் பள்ளி. பெரும்பங்கு அவர் பணம். 1999-ல் திறந்தது. ஜைல்ஸ் அதற்கு முந்தைய வருஷமே, 1998-ல், முப்பத்தைந்து வயதில், வலிப்பு வந்து போய்விட்டான். மகன் போன பிறகு அந்த வேலையை விட்டுவிட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவர் அதற்கப்புறம்தான் இன்னும் ஆழமாக இறங்கினார். ஆட்டிசம் பற்றிய ஆராய்ச்சிக்கென்றே ‘ஆட்டிஸ்டிகா’ என்ற அமைப்பை உருவாக்கினார்.

இன்னொரு கை கணினிப் பக்கம் போனது. ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் 2001-ல் தொடங்கிய இன்டர்நெட் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு 1 கோடி பவுண்டு கொடுத்தார். அங்கே ஆராய்வது சமூகத்தை, சட்டத்தை, பொருளாதாரத்தை இணையம் என்ன செய்கிறது என்பதை. முகநூல் பிறப்பதற்கு முன்பே இப்படி ஒரு கேள்விக்குப் பணம் போட அவருக்குத் தோன்றியிருக்கிறது பாருங்கள்.

ஆட்டிசம், கணினி. இந்த இரண்டைத் தவிர வேறு எதற்கும் அவர் பெரிதாகக் கொடுக்கவில்லை. தனக்குத் தெரிந்த, தனக்கு அக்கறை இருக்கிற விஷயத்துக்குத்தான் கொடுப்பேன் என்று தெளிவாகச் சொன்னார். மொத்தம் கிட்டத்தட்ட 7 கோடி பவுண்டு. 2009-ல் பிரிட்டிஷ் அரசு அவரை நாட்டின் முதல் கொடைத் தூதராக நியமித்தது.

அவருடைய அறக்கட்டளையின் முடிவு நம் ஊர்க்காரர்கள் யோசித்துப் பார்க்க வேண்டியது. டெல்டாவில் அறம் என்றால் நமக்கு ‘சந்திரன் சூரியன் உள்ளவரை’ என்றுதான் பழக்கம். கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடு விடுவார்கள். ஆட்டை மேய்க்கிறவர் நாளுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு சாகும், குட்டி போடும், எண்ணிக்கை மட்டும் குறையக் கூடாது. அதனால் அந்த ஆடுகளுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்வெட்டில் பெயர். எவ்வளவு அழகான ஏற்பாடு, எவ்வளவு அழகான சொல்! ஆனால் எத்தனை சத்திரங்களும் கட்டளைகளும் கொடுத்தவர் நினைத்த வேலையை விட்டுவிட்டு, நிலமும் வழக்கும் குத்தகைப் பாக்கியுமாக நிற்கின்றன என்பதும் நமக்குத் தெரியும். ஷெர்லி நேர்மாறாக முடிவு செய்தார். மூலதனத்தை அப்படியே வைத்து வட்டியில் கொடுப்பது இல்லை. இருப்பதையெல்லாம் தன் காலத்திலேயே செலவழித்து முடிப்பது. 2018-ல் ஷெர்லி அறக்கட்டளை கணக்கை முடித்து மூடிவிட்டது. அவர் தொடங்கிய பள்ளியும் அமைப்புகளும் அவரைச் சார்ந்து இல்லாமல் தாமாக நடக்கும்படி ஆன பிறகு ஒவ்வொன்றிலிருந்தும் விலகிக்கொண்டார். விட்டுக்கொடுப்பதுதான் கொடுப்பதைவிடக் கஷ்டம். கம்பெனியையும் அப்படித்தான் விட்டார்.

2000-ல் டேம் பட்டம் (ஆண்களுக்குக் கொடுக்கும் ‘சர்’ பட்டம் போல), 2017-ல் கம்பானியன் ஆஃப் ஆனர் என்ற உயர்ந்த கௌரவம். 2021-ல் கணவர் காலமானார். 2025 ஆகஸ்ட் 9 அன்று, 91 வயதில், அவரும் போய்ச் சேர்ந்தார்.

உங்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். கோடிகளை எடுத்துவிட்டுப் பாருங்கள். வீட்டை விட்டு வர முடியாத படித்த பெண்களிடம் எவ்வளவு திறமை முடங்கிக் கிடக்கிறது என்று அவர் கண்டார். மன்னார்குடியில், திருத்துறைப்பூண்டியில், பாபநாசத்தில் அப்படி எத்தனை பேர்! என்னோடு இப்போது ஆறு பேர் வேலை செய்கிறார்கள், எல்லோரும் அவரவர் வீட்டில். ஒருத்தி பேராவூரணியில் மாமியாரைப் பார்த்துக்கொண்டு இரவு ஒன்பதுக்கு மேல்தான் உட்காருவாள். அவள் கண்டுபிடிக்கிற பிழைகளை வேறு யாரும் கண்டுபிடிப்பதில்லை. இந்த ஏற்பாட்டை நான் ஷெர்லியிடமிருந்தும், சுவருக்கு அந்தப் பக்கத்துத் தறியிலிருந்தும்தான் கற்றேன்.

பையன் விஷயத்தில் ஷெர்லிக்கு அன்று இல்லாதது உங்களுக்கு இன்று இருக்கிறது, அதை விடாதீர்கள். முதலில் காது நன்றாகக் கேட்கிறதா என்று பெரா சோதனை செய்து உறுதிப்படுத்துங்கள், இன்னும் செய்யவில்லை என்றால். மாவட்டத்தில் அரசு மருத்துவமனையோடு சேர்ந்த ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் பேச்சுப் பயிற்சியும் செயல்முறைப் பயிற்சியும் கேளுங்கள். வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். 1999-ன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்திலும் 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் ஆட்டிசம் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதனால் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அது கையில் வந்த பிறகு ‘நிராமயா’ காப்பீட்டில் சேர்த்துவிடுங்கள், வருஷத்துக்கு 1 லட்சம் ரூபாய்வரை, பயிற்சிச் செலவும் அதில் அடங்கும். அட்டை வாங்கினால் ஊர் என்ன சொல்லும் என்று என் அக்கா நாலு வருஷம் தள்ளிப்போட்டாள். அந்த நாலு வருஷத்தை நினைத்துத்தான் இப்போதும் அழுகிறாள். பேச்சு வருமா வராதா என்று நாள் எண்ணாதீர்கள். கையால் காட்டுகிறானா, படத்தைத் தொட்டுக் கேட்கிறானா, தண்ணீர் வேண்டும் என்று உங்கள் விரலைப் பிடித்துச் சொம்பிடம் கூட்டிப்போகிறானா, அதெல்லாமே பேச்சுதான். அதிலிருந்து மேலே ஏற்றலாம்.

வேலை விஷயமாகப் பேச ஒரு ஞாயிற்றுக்கிழமை திருபுவனம் வாருங்கள், பையனையும் கூட்டிக்கொண்டு. ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: தொடர்ந்து வருகிற சத்தம் அவனுக்குப் பிடிக்குமா, காதைப் பொத்திக்கொள்வானா? என் அக்கா மகன் தறிச் சத்தம் கேட்டால் சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் நிற்பான். உங்கள் பையனுக்கு ஒத்துவராது என்றால், பக்கத்து வீட்டு அண்ணனிடம் சொல்லி அன்றைக்கு மட்டும் தறியை நிறுத்தி வைக்கச் சொல்கிறேன்.